சொல்லுக்குச் சொந்தக்காரர்

சமூகம் என்ற சொல்லை இன்று வியாபார நிறுவனங்கள் தாராளமாகப் புழங்குகின்றன. தங்கள் சேவையில் கணக்கு வைத்திருக்கும் கோடிக்கணக்கானவர்களும் ஒரே சமூகம் என்று சொல்லிக்கொள்கின்றன. ஒரே ரயிலில் போகிறவர்கள் எல்லோரும் ஒரு குடும்பம் என்று சொல்வது மாதிரிதான் இது. ரயிலில் பேச்சு உண்டு, சிநேகம் உண்டு, சண்டையும் உண்டு. ஆனால் விழுப்புரத்தில் ஒருவர் இறங்கிப் போய்விட்டால் ரயில் அதை உணர்வதில்லை. இடம் கிடைத்தது என்று சந்தோஷப்படுகிறவர்கள்தான் இருப்பார்கள்.

கூட்டத்தையும் சமூகத்தையும் பிரிக்கிற கோடு இங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஒருவர் விலகினால், அவர் இருந்த இடம் மற்றவர்களுக்குத் தெரிகிறதா? தெரிந்தால் அது சமூகம். தெரியாவிட்டால், எண்ணிக்கை எத்தனை பெரியதானாலும், கூட்டம்தான்.

முகம் பாராமல் எழுத்தின் மூலமாக மட்டுமே பழகுகிறவர்கள் சமூகமாக முடியுமா என்ற கேள்வி கம்ப்யூட்டரோடு பிறந்ததல்ல. முந்நூறு பிரதி அச்சாகிற ஒரு பத்திரிகையின் வாசகர்கள், வெவ்வேறு ஊர்களில் இருந்துகொண்டு, இன்னார் இதை எழுதினால் இன்னாருக்குக் கோபம் வரும் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். அதற்கு நேரில் பார்த்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் பத்திரிகையில் இந்த உறவு மாதக்கணக்கில் மெதுவாக நகர்கிறது. கம்ப்யூட்டர் வழியே ஏற்பட்ட குழுக்களில் அதே உறவு மணிக்கணக்கில் நடந்து முடிகிறது. அதனாலேயே அதன் அமைப்பு அங்கே வெட்டவெளிச்சமாகிவிடுகிறது. 1973 முதல் 1994 வரையான இருபது வருஷச் சரித்திரம் இந்த விஷயத்தில் மிகவும் உபயோகமானது. ஆட்கள் குறைவு. பெருவியாபாரம் இன்னும் உள்ளே வரவில்லை. நடந்தவற்றை அங்கே இருந்தவர்களே எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

1

1973 ஆகஸ்டில், கலிபோர்னியாவின் பெர்க்லி நகரத்தில், லியோபோல்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கடையில் ஒரு டெலிடைப் இயந்திரத்தை வைத்தார்கள். வாத்தியக்காரர்கள் ஆள் தேவை என்று காகிதம் ஒட்டுகிற அறிவிப்புப் பலகை பக்கத்திலேயே இருந்தது. இயந்திரத்தின் சத்தத்தை அடக்க அதை ஓர் அட்டைப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். கையை உள்ளே விட்டுத் தட்ட வேண்டும். தட்டியது டெலிபோன் கம்பி வழியாக சான் பிரான்சிஸ்கோவில் இருந்த ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும். லீ ஃபெல்சென்ஸ்டைன், எஃப்ரெம் லிப்கின், மார்க் ஸ்பகோவ்ஸ்கி முதலியோர் செய்த காரியம் இது. கம்யூனிட்டி மெமரி, அதாவது சமூக நினைவு, என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அதற்குத் தெரிந்த கட்டளைகளில் முக்கியமானவை இரண்டு: சேர், தேடு. வாடகை வீடு, பழைய கார், பாட்டுக் குழுவுக்கு ஆள் என்று எழுதுவார்கள் என எதிர்பார்த்தார்கள். அதையெல்லாம் எழுதினார்கள். எதிர்பாராததையும் எழுதினார்கள். நல்ல பேகல் ரொட்டி எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்டதற்குக் கடைகளின் பெயர்கள் பதிலாக வந்தன. பேகல் செய்யவே கற்றுத்தருகிறேன் என்று பழைய ரொட்டிக்காரர் ஒருவரும் பதில் எழுதினார். வில்லியம் பரோஸின் நாவலில் வரும் டாக்டர் பென்வே என்ற பாத்திரத்தின் பெயரில் யாரோ ஒருவர் விசித்திரமான வாசகங்களை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். 1975 ஜனவரியில் இந்தப் பரிசோதனை முடிவுக்கு வந்தது.

இதில் நினைவு இருந்தது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பிறகு வந்து தேடி எடுக்க முடிந்தது. சுவரில் எழுதுவதற்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம். ஆனால் எழுதியவர் யார் என்று தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. பென்வே என்ற பெயரில் நாளைக்கு வேறு யாரும் எழுதலாம். பென்வே வராமல் போனால் ஒரு சுவாரசியம் குறையுமே தவிர, ஓர் ஆள் குறைந்ததாக ஆகாது. அங்கே சமூகத்தின் நினைவு மட்டும் இருந்தது; சமூகம் வெளியே, பெர்க்லித் தெருவில் இருந்தது.

2

1979-ல் வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்ற இரண்டு மாணவர்கள், பக்கத்து ஊரான சாப்பல் ஹில்லில் இருந்த ஸ்டீவ் பெல்லோவின் உதவியோடு, கம்ப்யூட்டர்கள் டெலிபோனில் ஒன்றையொன்று கூப்பிட்டுச் செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றைத் தொடங்கினார்கள். 1980-ல் வெளியுலகுக்கு அறிவித்தார்கள். யூஸ்நெட் என்று பெயர். ஆரம்பத்தில் இருந்தவை மூன்றே கம்ப்யூட்டர்கள். நாளைக்கு ஒன்றோ இரண்டோ செய்தி வரும் என்பது அவர்களுடைய கணக்கு.

யூஸ்நெட்டின் முக்கியமான குணம் அதற்கு மையம் இல்லாதது. ஒவ்வொரு இயந்திரமும் தனக்கு வந்ததை அடுத்ததற்குக் கொடுத்தது. ஆகவே யாரையும் யாரும் முழுக்க வெளியேற்ற முடியாது. சட்டம் இல்லாத இந்த இடத்தில் வழக்கம் மட்டும் வளர்ந்தது. பதில் எழுதும்போது எதற்குப் பதில் என்று முந்தைய வரியை எடுத்துக்காட்ட வேண்டும். சம்பந்தமில்லாத குழுவில் எழுதக்கூடாது. புதிதாக வருகிறவர் கேட்கக்கூடிய கேள்விகளுக்கான பதில்களை ஒன்றாகத் தொகுத்து அவ்வப்போது வெளியிட வேண்டும். வழக்கத்தை மீறினால் திட்டு விழும். திட்டியும் கேட்காதவரை ஒதுக்க ஒரு சாதனம் இருந்தது. லாரி வால் 1984-ல் எழுதிய புரோகிராமில், இன்னார் எழுதியது என் கண்ணில் படவேண்டாம் என்று சொல்லிவைக்க வசதி உண்டு. ஊரை விட்டுத் தள்ளிவைப்பது முடியாது. தன் வீட்டுக் கதவை மட்டும் சாத்திக்கொள்ளலாம்.

இந்த வழக்கத்தை யார் கற்றுக்கொடுத்தார்கள்? ஏற்கனவே இருந்தவர்கள்தான். அமெரிக்காவில் கல்லூரிகள் இலையுதிர் காலத்தில் திறக்கும். செப்டம்பர் வந்தால் புது மாணவர்கள் யூஸ்நெட்டுக்குள் நுழைவார்கள், உளறுவார்கள், திட்டு வாங்குவார்கள். கொஞ்ச நாளில் சிலர் விலகிவிடுவார்கள், மற்றவர்கள் வழக்கத்துக்குள் வந்துவிடுவார்கள். ஒவ்வொரு வருஷமும் இது நடந்தது. வருகிறவர்களைவிட இருக்கிறவர்கள் அதிகம் என்பதால்தான் நடந்தது. இந்த விகிதம் முக்கியம். புதியவர்களுக்குக் கதவை அடைத்த சமூகம் கொஞ்ச காலத்தில் தன் குரலையே கேட்டுக்கொண்டு செத்துப்போகும். கற்றுக்கொடுக்கிற வேகத்தை மீறி ஆட்கள் வந்தால் வழக்கம் செத்துப்போகும். இரண்டாவது சாவு எப்படி வந்தது என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

3

1985-ல் சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் சாசலிட்டோ என்ற சிற்றூரில் வெல் தொடங்கியது. கிணறு என்று அர்த்தம் தரும் இந்தப் பெயர் வேறு ஒரு நீண்ட பெயரின் சுருக்கம். தொடங்கியவர்கள் இருவர். ஒருவர் ஸ்டூவர்ட் பிராண்ட். இன்னொருவர் லாரி பிரில்லியன்ட். பிரில்லியன்ட் 1970-களில் இந்தியாவில் அம்மை ஒழிப்பு வேலை செய்த டாக்டர். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையோடு சேர்ந்து உழைத்த சேவா அமைப்பை 1978-ல் ஏற்படுத்தியவர்களில் ஒருவர். அவருடைய கம்பெனி இயந்திரத்தையும் புரோகிராமையும் கொடுத்தது. பிராண்ட் ஆட்களைக் கொண்டுவந்தார்.

வெல்லை அன்றாடம் நடத்திய மாத்யூ மெக்ளூர், கிளிஃப் ஃபிகாலோ, ஜான் கோட் ஆகிய மூவரும் டென்னஸியில் 'தி ஃபார்ம்' என்ற கூட்டுவாழ்க்கைக் குடியிருப்பில் பல வருஷம் வாழ்ந்துவிட்டு வந்தவர்கள். நூற்றுக்கணக்கான பேர் சொத்தைப் பொதுவாக்கி வாழ்ந்த இடம் அது. பலர் சேர்ந்து இருப்பதில் உள்ள கஷ்டங்கள் எல்லாம் அவர்களுக்கு அத்துபடி. சமூகத்தைக் கட்டளை போட்டு உண்டாக்க முடியாது, பேச்சு நடக்க இடம் கொடுத்துப் பொறுமையாக இருக்கலாம், அவ்வளவுதான் என்பதை அவர்கள் அங்கே கற்றிருந்தார்கள். வெல்லின் வெற்றிக்கு இயந்திரத்தைவிட இந்த அனுபவம்தான் பெரிய காரணம்.

வெல்லுக்கு மாதச் சந்தா உண்டு. உள்ளே இருக்கும் ஒவ்வொரு மணிக்கும் தனிக் கட்டணம் உண்டு. ஒவ்வொரு விவாத அரங்குக்கும் ஒரு விருந்தோம்புகிறவர் உண்டு. மாதம் ஒருமுறை அலுவலகத்தில் நேரில் கூடி விருந்து சாப்பிட்டார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது பெயர். புனைபெயரில் எழுதலாம், ஆனால் அதன் பின்னால் இருக்கும் உண்மையான பெயரை யாரும் பார்த்துக்கொள்ளலாம். பெயரில்லாமல் எழுத ஓர் அரங்கை ஒருமுறை பரிசோதனையாகத் திறந்தார்கள். ஒருவர் பெயரில் இன்னொருவர் எழுத ஆரம்பித்தார். உறுப்பினர்களே கூச்சல் போட்டு அதை மூடவைத்தார்கள்.

பெயர் நிலைத்தால் கணக்கு நிலைக்கிறது. போன வருஷம் நீ இப்படிச் சொன்னாயே என்று கேட்க முடிகிறது. குழந்தை வளர்ப்பு பற்றிய அரங்கில் ஒருவர் தன் பிள்ளையின் நோயைப் பற்றி எழுதினால், இரவோடு இரவாகப் பதில் எழுத நேரில் பார்த்தேயிராத ஆட்கள் இருந்தார்கள். ஹோவர்ட் ரைங்கோல்ட் 1993-ல் வெளியிட்ட 'வர்ச்சுவல் கம்யூனிட்டி' என்ற புத்தகம் பெரும்பாலும் இந்த அனுபவத்திலிருந்து பிறந்தது.

வெல்லுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்ட விதி ஒன்று உண்டு: உன் சொற்கள் உனக்கே சொந்தம். பிராண்ட் இதை எழுதியபோது அவர் மனத்தில் இருந்தது பொறுப்பு. நீ அவதூறு எழுதினால் வழக்கு உன்மேல்தான், எங்கள்மேல் இல்லை என்று சொல்லவந்தார். உறுப்பினர்கள் அதை உரிமையாக எடுத்துக்கொண்டார்கள். என் சொல்லை என் அனுமதியில்லாமல் வேறு யாரும் எடுத்தாளக்கூடாது; வேண்டாமென்றால் நானே அழித்துவிடுவேன். ஒரே வாக்கியத்தில் பொறுப்பும் சொத்துரிமையும் கலந்திருந்தன. யாரும் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. 1990-ல் பார்க்க வேண்டிய நிலை வந்தது.

வெல்லின் ஆரம்ப காலத்திலிருந்து ஓயாமல் எழுதிவந்த உறுப்பினர் ஒருவர் இருந்தார். பலருக்கு எரிச்சலூட்டியவர், பலருக்கு வேண்டியவர். ஒருவர் தான் எழுதியதைத் தானே அழிக்க வெல்லில் வசதி இருந்தது. அழித்தால் அந்தப் பதிவின் எண் அப்படியே இருக்கும். சொற்கள் இருந்த இடத்தில் 'அடிக்கப்பட்டது' என்ற குறி மட்டும் நிற்கும். ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டிய இந்த வேலையை மொத்தமாகச் செய்யும் புரோகிராம் ஒன்றைக் கொண்டு, அவர் பல வருஷங்களாகத் தான் எழுதிய அத்தனையையும் அழித்தார். மற்றவர்களுக்கு அதிர்ச்சி. கோபமும்தான். அவர் சொல்லுக்குப் பதிலாக எழுதிய தங்கள் சொல் இப்போது எதற்குப் பதில் என்றே தெரியாமல் அந்தரத்தில் நின்றது. விவாதங்கள் பொக்கைவாயாகிவிட்டன. உரிமை இருக்கலாம், ஆனால் செய்யலாமா என்று வாதம் நடந்தது. அடுத்த சில வாரங்களில் அவர் தற்கொலை செய்துகொண்டார். முன்னால் நடந்த அழிப்பு என்னவாக இருந்தது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது.

இந்தச் சம்பவத்தில் தெரியவருவது, எனக்குப் பட்டவரையில், இதுதான். ஒரு மனிதனின் சொல் அவனுக்குச் சொந்தம். ஆனால் பேச்சு அப்படியல்ல. கேட்டவனும் பதில் சொன்னவனும் அதில் பங்காளிகள். ஒருவன் தன் பங்கை உருவிக்கொண்டால் மற்றவர்களின் பங்கும் கிழிகிறது. இப்படிக் கிழியக்கூடிய ஒன்று இருந்ததால்தான் வெல் சமூகம். அந்த வலியை வேறு எந்த லட்சணத்தாலும் ஈடுசெய்துவிட முடியாது. சந்தா, விதி, விருந்து எல்லாம் இருந்தும் இது இல்லாவிட்டால் அது ஒரு கிளப், அவ்வளவே.

4

சொல்லைப் பறிப்பது இன்னொரு விதத்திலும் நடந்தது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆராய்ச்சிக்கூடத்தில் பாவெல் கர்ட்டிஸ் 1990-ல் லாம்ப்டாமூ என்ற ஒன்றை உண்டாக்கினார். முழுக்க எழுத்தாலான ஒரு பெரிய வீடு. உள்ளே வருகிறவர்கள் தங்களுக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டு, வாக்கியங்களைத் தட்டி, நடந்தார்கள், பேசினார்கள், பொருள்களைச் செய்தார்கள். வீட்டை நிர்வகிப்பவர்களுக்கு மந்திரவாதிகள் என்று பெயர். 1992 டிசம்பரில் கர்ட்டிஸ், இனி மந்திரவாதிகள் இயந்திர வேலையை மட்டும் பார்ப்பார்கள், மனிதச் சச்சரவுகளில் தலையிட மாட்டார்கள் என்று அறிவித்தார்.

1993 மார்ச்சில் மிஸ்டர் பங்கிள் என்ற பெயரில் வந்த ஓர் ஆள், மற்றவர்கள் செய்வதாகவும் சொல்வதாகவும் தானே வாக்கியங்களை உண்டாக்கும் ஒரு தந்திரத்தால், கூடத்தில் இருந்தவர்களை ஆபாசமான, வன்முறையான செயல்களுக்கு உட்படுத்தினான். யாருடைய உடம்பையும் யாரும் தொடவில்லை. ஆனால் அந்தப் பெயரோடு வாழ்ந்த பெண்ணுக்கு அது வெறும் எழுத்து அல்ல. உறுப்பினர்கள் கூடி மணிக்கணக்காகப் பேசினார்கள். தண்டிக்கலாமா, யாருக்கு அதிகாரம், எந்தச் சட்டத்தின்கீழ்? முடிவே ஏற்படவில்லை. கூட்டம் கலைந்த பிறகு மந்திரவாதிகளில் ஒருவர் தன் சொந்தப் பொறுப்பில் அந்தப் பாத்திரத்தை அழித்துவிட்டார். கர்ட்டிஸ் திரும்பிவந்து, மனுக்கொடுத்து வாக்கெடுத்து முடிவுசெய்யும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். ஜூலியன் டிபெல் அந்த டிசம்பரில் 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகையில் இதைப் பற்றி எழுதினார். அழிக்கப்பட்ட ஆள் வேறு பெயரில் திரும்பிவந்துவிட்டான் என்பது கதையின் மிச்சம்.

இங்கே இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. காயப்படுத்த முடிகிற இடத்தில்தான் நியாயம் என்ற கேள்வி எழுகிறது. தலையிட மாட்டோம் என்று ஒதுங்குவது பலசாலிக்குச் சாதகமான தலையீடாகவே முடிகிறது. பெயரை மாற்றிக்கொள்வது செலவில்லாத காரியமானால் தண்டனைக்கு அர்த்தம் இல்லை. இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவனை எந்தச் சமூகமும் கட்டுப்படுத்த முடியாது.

5

யூஸ்நெட்டுக்குத் திரும்பலாம். 1993-லும் 1994-ன் தொடக்கத்திலும் டெல்ஃபி, அமெரிக்கா ஆன்லைன் போன்ற வியாபார நிறுவனங்கள் தங்கள் சந்தாதாரர்களுக்கு யூஸ்நெட்டின் கதவைத் திறந்துவிட்டன. புதியவர்கள் மாதம் தவறாமல் வந்துகொண்டே இருந்தார்கள். அந்த 1993 செப்டம்பர் முடியவேயில்லை என்று ஒருவர் 1994 ஜனவரியில் அலுத்துக்கொண்டது பழமொழியாகிவிட்டது. வந்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. பழையவர்களைப் போலவே அவர்களும் கற்றுக்கொண்டிருப்பார்கள். கற்றுக்கொடுக்க ஆள் போதவில்லை. அதே ஏப்ரலில் அரிசோனாவைச் சேர்ந்த வக்கீல் தம்பதி, அமெரிக்கக் குடியேற்ற அனுமதிக்கு மனுப்போட்டுத் தருகிறோம் என்று ஆயிரக்கணக்கான குழுக்களில் ஒரே விளம்பரத்தைப் போட்டார்கள். உலகமே திட்டியது. அவர்கள் வெட்கப்படவில்லை. வெட்கப்படாதவர்முன் வழக்கம் வலுவிழந்துவிடுகிறது. பதினான்கு வருஷம் சட்டமில்லாமல் நடந்த ஓர் ஏற்பாடு அன்று தன் எல்லையைக் கண்டது.

அதற்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் நிறுவனங்கள் நடத்திய இடங்கள். தமிழுக்கும் இந்தச் சரித்திரத்தில் பங்குண்டு. யூஸ்நெட்டில் தமிழர்களுக்கென்று ஒரு குழு இருந்தது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரம் முதலியோர் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், வெவ்வேறு நாடுகளில் இருந்த தமிழர்கள், பெரும்பாலும் ஒருவரையொருவர் பாராமலே, பழைய நூல்களைச் சம்பளமில்லாமல் தட்டெழுதிப் பொதுவில் வைத்தார்கள். அகத்தியர், மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற குழுக்கள் யாஹூ நிறுவனம் கொடுத்த இடத்தில் கூடின. பல எழுத்தாளர்கள் அங்கே எழுதிப் பழகினார்கள், சண்டை போட்டார்கள், உரையெழுதினார்கள்.

யாஹூ 2019-ல் அந்தக் குழுக்களில் சேர்ந்திருந்தவற்றை அழிக்கப்போவதாக அறிவித்தது. 2020 டிசம்பரில் முழுவதையும் மூடிவிட்டது. பிரதி எடுத்து வைத்திருந்தவர்களிடம் இருப்பதுதான் இப்போது மிச்சம். 1990-ல் ஒரு மனிதன் தன் சொல்லை அழித்தபோது எழுந்த கேள்வி, இது அவனுக்குரியதா, நமக்குரியதா என்பது. 2020-ல் அந்தக் கேள்விக்கே இடமில்லை. சொல்லியவனையும் கேட்டவனையும் விட்டுவிட்டு, இடத்தின் சொந்தக்காரன் முடிவெடுத்தான். வெல்லில் அழிந்த சொல்லின் இடத்தில் அழிந்தது என்ற குறியாவது நின்றது. இங்கே அதுவும் இல்லை. மதுரைத் திட்டம் பிழைத்திருப்பதற்கு ஒரு காரணம், அது தன் நூல்களை யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று ஆரம்பத்திலேயே விட்டுவிட்டதுதான்.

வெல் பல கை மாறியது. 1994-ல் ஒரு தொழிலதிபர், 1999-ல் சலோன் பத்திரிகை. 2012-ல் சலோன் அதைக் கைகழுவ நினைத்தபோது உறுப்பினர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி 4 லட்சம் டாலருக்கு அதை வாங்கிவிட்டார்கள். கூட்டத்துக்கு இது தோன்றாது. தோன்றினாலும் யார் பணம் போடுவது என்று தெரியாது. தங்கள் பேச்சு நடந்த இடம் போனால் தாங்களே கொஞ்சம் போய்விடுவோம் என்று உணர்ந்தவர்கள் மட்டுமே இதைச் செய்யமுடியும்.

ஒரு குழு சமூகமா இல்லையா என்று கேட்கிறவர்கள் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம். அங்கே பெயர் நிலைக்கிறதா, நேற்றுப் பேசியது இன்றைக்கு இருக்கிறதா, புதியவனுக்குச் சொல்லிக்கொடுக்க யாருக்காவது நேரம் இருக்கிறதா, ஒருவர் போனால் தெரிகிறதா என்று பார்த்தால் போதும். இவ்வளவும் இருந்தால், இடம் யாருடையது என்ற கடைசிக் கேள்வியையும் கேட்டுவிட வேண்டும். மூடப்போகிறோம் என்ற அறிவிப்பு வந்த பிறகு கேட்டுப் பிரயோஜனமில்லை.